கைக்குள் ஒரு ஸ்டூடியோ: ஓரத்தை இருட்டாக்கும் முன் ஒரு நிமிஷம்!

மதியம் 12 மணி இருக்கும். மயிலாடும்பாறையிலிருந்து பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அண்ணே, நாலு மணிக்குள்ள ஃபிளெக்ஸ்காரங்களுக்குக் குடுக்கணும். அப்பா முகம் மட்டும் எடுப்பாத் தெரியிற மாதிரி சரி பண்ணி அனுப்புண்ணே."

பெரியப்பா அன்று விடிகாலையில் தவறிப்போயிருந்தார். நாங்கள் காரில் திருச்சியைத் தாண்டியிருந்தோம். பின் சீட்டில் உட்கார்ந்தபடியே படத்தைத் திறந்தேன். சுவரில் மாட்டியிருந்த பிரேமைக் கண்ணாடியோடு சேர்த்துப் போனில் எடுத்த படம். கண்ணாடியில் ட்யூப் லைட் ஒரு கோடாக மின்னியது.

20 வருடங்களுக்கு முந்தைய காதுகுத்துப் படம் அது. அத்தை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் பெரியப்பா மடியில் பிள்ளை. மொட்டைத் தலையில் சந்தனம், வாய் கொள்ளாத அழுகை. எதிரில் ஆசாரி. சுற்றிலும் சொந்தக்காரர்கள். பெரியப்பா படத்தின் இடது ஓரத்தில் இருந்தார். வேறு போட்டோ இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. போனில் இருந்ததெல்லாம் கடைசி 2 வருடங்களில் எடுத்தவை, நோயில் இளைத்த முகம். அதை ஊர் முச்சந்தியில் வைக்க யாருக்கும் மனசில்லை. ஆதார் கார்டு படத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டினேன். முகம், கழுத்து, தோள் வரைக்கும். பின்னால் பந்தல் கால், யாரோ ஒருவரின் சேலை, தோளில் யாருடையதோ ஒரு கை. கண்ணை உறுத்தும் எல்லாமே ஓரத்தில் இருந்தன. விக்னெட்டைத் திறந்து கடைசி வரைக்கும் இழுத்தேன். ஓரம் முழுவதும் கறுப்பாகிப் பெரியப்பா முகம் மட்டும் விளக்கு வைத்ததுபோல் நின்றது. மொத்தம் 5 நிமிஷ வேலை. நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கேத வீட்டில் 4 பேர், "போட்டோ நல்லா வந்திருக்கு" என்றார்கள். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கருமாதி அன்று அதே படத்தைப் பிரேம் போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அத்தை அதன் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா, எங்கம்மா கை எங்க?"

எனக்குப் புரியவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய், சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெரியப்பாவின் தோளில் இருந்த கையைத் தொட்டுக் காட்டினார். சுருக்கம் விழுந்த, முழங்கை வரை பச்சை குத்திய கை. அதற்கு மேல் படம் முடிந்துவிடுகிறது.

அப்பத்தாவுக்குப் போட்டோ என்றால் ஆகாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்பார். அன்றைக்கும் கேமராவைத் தூக்கியதும் நழுவி ஓரத்துக்குப் போயிருக்கிறார். கை மட்டும் மகன் தோளிலேயே நின்றுவிட்டது. அப்பத்தா இந்த உலகத்தில் இருந்ததற்கு எங்கள் குடும்பத்திடம் உள்ள ஒரே படம் அந்தக் கைதான். அதைத்தான் நான் 'கண்ணை உறுத்துகிறது' என்று இருட்டுக்குள் தள்ளியிருந்தேன்.

வாசகர்கள் பலர் பல மாதங்களாக விக்னெட் பற்றி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

*

முதலில் ஊர். மயிலாடும்பாறை என்றதும் 4,200 ஆண்டுப் பழைமையான இரும்பு கிடைத்த ஊரா என்று கேட்பார்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. எங்களுடையது தேனி மாவட்டம், கடமலைக்குண்டுக்கும் வருசநாட்டுக்கும் நடுவில், வைகை பிறந்து வரும் வழியில் இருப்பது. சீஸன் வந்தால் இலவம்பஞ்சு பறக்கும். மேற்கே மேகமலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, திராட்சை தேசம்.

திராட்சைக்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. விக்னெட் என்பது பிரெஞ்சுச் சொல். திராட்சைக் கொடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, 'சின்னக் கொடி' என்று அர்த்தம். பழைய புத்தகங்களில் அத்தியாயம் தொடங்கும் இடத்திலும் பக்க ஓரங்களிலும் கொடியும் இலையுமாக வரைந்திருப்பார்கள். அதைச் சுற்றிக் கட்டம் இருக்காது. கொடியின் நுனி அப்படியே காகிதத்தில் கரைந்துவிடும். அந்த அலங்காரத்தின் பெயர்தான் விக்னெட். 19-ஆம் நூற்றாண்டில் போட்டோ ஸ்டூடியோக்கள் வந்தபோது, தலையும் தோளும் மட்டும் தெரிய, கீழே சட்டை வெள்ளைக் காகிதத்தோடு கரைந்துபோகும் படங்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் ரகத்தைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவரும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று சொல்வார்கள். இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுக் கொடிகள் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.)

ஆக, முதலில் விக்னெட் என்றால் ஓரம் வெளுப்பது. ஓரம் கறுப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். அதற்குக் காரணம் லென்ஸ்.

எந்த லென்ஸும் படத்தின் நடுப்பகுதிக்குக் கொடுக்கும் வெளிச்சத்தை மூலைகளுக்குக் கொடுப்பதில்லை. டார்ச்சைத் தரைக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வட்டம் பளிச்சென்று விழும். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீண்டு, மங்கிவிடும். மூலைக்குப் போகும் ஒளி சாய்ந்துதான் போகிறது, போக வேண்டிய தூரமும் அதிகம். கணக்குப்படி 30 டிகிரி சாய்வில் வரும் ஒளி, நடுவில் விழுவதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 45 டிகிரியில் கால் பங்கு. இது போக, லென்ஸின் குழாய் விளிம்பே ஓரத்து ஒளியைக் கொஞ்சம் மறைக்கும். பழைய பெட்டிக் கேமராக்களில் நான்கு மூலையும் மங்கியிருப்பது இதனால்தான். அந்தக் காலத்தில் அது குறை. நல்ல லென்ஸ் என்றால் மூலை வரைக்கும் வெளிச்சம் சமமாக வர வேண்டும்.

உங்கள் போன் கேமராவுக்கும் இந்தக் குறை உண்டு. ஆனால், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படம் திரைக்கு வருவதற்குள்ளேயே போன் கணக்குப் போட்டு மூலைகளை வெளிச்சமாக்கிவிடுகிறது. அப்படி அது பாடுபட்டுச் சரிசெய்து கொடுத்ததை, நாம் இன்னொரு ஆப்பைத் திறந்து மறுபடி இருட்டாக்குகிறோம்! 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது அதன் ஃபில்டர்கள் பலவற்றில் ஓரம் கறுத்திருந்தது நினைவிருக்கிறதா? பழைய கேமராவின் குறை, ஞாபகத்தின் நிறமாக மாறிவிட்டது.

இருந்தாலும் விக்னெட் வெறும் ஃபேஷன் இல்லை. நம் கண் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் போகும். ஓரம் லேசாக மங்கினால் கண் வெளியே ஓடாமல் நடுவில் நிற்கும். ஊமைப்படக் காலத்திலேயே ஒரு முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் திரையைச் சுற்றிக் கறுப்பு வட்டமாக மூடிக்கொண்டு வருவார்கள். அதே வேலைதான்.

*

இந்த வேலையைக் கையால் செய்தவர்களைப் பார்த்தால்தான் போனில் உள்ள பட்டன்களுக்கு அர்த்தம் புரியும். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் எனக்குச் செய்துகாட்டியது இது.

டார்க் ரூமில் சிவப்பு பல்பு மட்டும். என்லார்ஜர் என்ற கருவியில் நெகடிவை வைத்தால், அதன் வழியாக ஒளி கீழே இருக்கும் போட்டோ பேப்பரில் விழும். இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேப்பரில் ஒளி அதிகம் பட்டால் கறுக்கும், படாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். எல்லாம் தலைகீழ்.

ஓரம் வெளுக்க வேண்டுமா? ஓர் அட்டையில் முட்டை வடிவத்தில் ஓட்டை போட்டு, லென்ஸுக்கும் பேப்பருக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். ஓட்டை வழியாக முகம் மட்டும் பதியும். சுற்றிலும் ஒளி படாததால் வெள்ளை. ஓரம் கறுக்க வேண்டுமா? முதலில் முழுப் படத்தையும் பதிய விட்டு, பிறகு ஒரு கம்பியின் நுனியில் ஒட்டிய வட்ட அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சுற்றுப்புறத்துக்கு மட்டும் இன்னும் சில விநாடிகள் ஒளி கொடுக்க வேண்டும். இரண்டிலுமே அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கோடு விழுந்துவிடும். பேப்பர் பாழ்.

"அட்டை பேப்பருக்குப் பக்கத்துல இருந்தா வெட்டு தெரியும் தம்பி. லென்ஸ் பக்கம் தூக்குனா அப்படியே கரைஞ்சுரும்" என்றார்.

இப்போது போனைத் திறந்து பாருங்கள். விக்னெட்டில் 'ஃபெதர்' என்றொரு அளவு இருக்கும். அது, அந்த அட்டையின் உயரம். 'மிட்பாயின்ட்' என்பது ஓட்டையின் அளவு. 'ரவுண்ட்னெஸ்' என்பது ஓட்டை வட்டமா, முட்டையா என்பது. அசைத்துக்கொண்டே இருந்த அந்தக் கைக்கு மட்டும் பட்டன் இல்லை.

ஒரு படத்தைத் திருத்துவதே பாவம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி கோயில்களையெல்லாம் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். வெளுத்துப்போன வானத்துக்கு நெகடிவிலேயே வண்ணம் தடவி மேகம் சேர்த்தவர் அவர். எனவே திருத்துவது புதிதும் அல்ல, குற்றமும் அல்ல. எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர் ஸ்டூடியோக்களின் பழைய படங்களை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தேடித் திரட்டியிருக்கிறார்கள். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, 1880-லிருந்து 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சேர்த்த வேலை அது. அம்மாதிரிப் படங்களை யாராவது காட்டினால் நடுவில் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். வரைந்த திரை எங்கே முடிகிறது, அதற்குப் பின்னால் என்ன சுவர், காலடியில் என்ன விரிப்பு, பூந்தொட்டி வைத்த முக்காலி, பாதி தெரியும் ஒரு குழந்தையைப் பிடித்திருக்கும் கை... நடுவில் நிற்பவர்கள் போட்டோவுக்காக நின்றவர்கள். ஓரத்தில் இருப்பது யாரும் போட்டோவுக்காகத் தயார் செய்யாதது. அந்த வீடு எப்படி இருந்தது, அந்தக் காலம் எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும். விக்னெட் முதலில் விழுங்குவது அந்த இடத்தைத்தான்.

*

சரி, செய்முறைக்கு வருவோம். என் தப்பைத் திருத்திய கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, பழைய பிரேமைக் கழற்றினேன். போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு எடுத்துவிடுங்கள். எங்களுடையது ஒட்டவில்லை. ஜன்னல் பக்கத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுத்தேன். போனைச் சாய்த்தால் படம் ஒருபக்கம் குறுகிவிடும். ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழல் விழும். கொஞ்சம் தள்ளி நின்று, லேசாக ஜூம் செய்து எடுப்பது நல்லது.

வெளியூரிலிருந்து யாராவது அனுப்புவதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் அது சுருங்கித்தான் வரும். சுருங்கிய படத்தில் விக்னெட் போட்டால் இருட்டு வழவழப்பாகக் கரையாது, குளத்தில் கல் போட்டதுபோல் வளையம் வளையமாக நிற்கும். போன் திரையில் தெரியாதது, ஃபிளெக்ஸில் 6 அடி உயரத்தில் நன்றாகத் தெரியும். பெரியப்பாவின் ஃபிளெக்ஸில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன்.

முதல் வேலை, காப்பி எடுப்பது. எந்த ஆப்பாக இருந்தாலும் 'சேவ் காப்பி' அல்லது 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். ஒரிஜினல் மேலேயே சேமிக்காதீர்கள். கூகுள் போட்டோஸும் ஐபோனும் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால், திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிட்டால், எந்தப் பட்டனும் காப்பாற்றாது. கறுப்பான இடத்தில் கறுப்பைத் தவிர எதுவும் மிச்சம் இல்லை.

இரண்டாவது, க்ராப். விக்னெட்டுக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். முதலில் இருட்டாக்கிவிட்டுப் பிறகு வெட்டினால் ஒருபக்கம் மட்டும் கறுப்பு மிஞ்சி, சுவரில் ஈரம் ஏறியதுபோல் இருக்கும். லைட்ரூம் மாதிரி சில ஆப்களில் எப்போது வெட்டினாலும் விக்னெட் புது ஓரத்துக்குத் தகுந்தாற்போல் நகர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்வதைவிட, முதலில் வெட்டுவது சுலபம். இந்தத் தடவை நான் வெட்டியபோது அப்பத்தாவின் கை முழங்கை வரைக்கும் உள்ளே இருந்தது. கீழே மொட்டைத் தலையில் பாதியும் வந்தது.

நான் பயன்படுத்துவது ஸ்னாப்சீட். இலவசம், கூகுளுடையது. பதிப்புக்குப் பதிப்பு பட்டன்கள் இடம் மாறும், பெயர் மாறாது. அதன் கருவிகளில் விக்னெட்டைத் தொட்டால் படத்தின் நடுவில் ஒரு புள்ளி வரும். ரொம்பப் பேர் இந்தப் புள்ளியைத் தொடுவதே இல்லை. அதை விரலால் இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டு விரலால் விரித்தால் வட்டம் பெரிதாகும். விரலை மேலும் கீழும் நகர்த்தினால் 'உள் வெளிச்சம்', 'வெளி வெளிச்சம்' என்று இரண்டு அளவுகள். பக்கவாட்டில் நகர்த்தினால் கூடும், குறையும். வெளி வெளிச்சத்தைக் குறைத்தால் ஓரம் கறுக்கும். கூட்டினால் பழைய ஸ்டூடியோ பாணியில் வெளுக்கும்.

ஆள் எப்போதும் படத்தின் நடுவிலேயே இருப்பார் என்று யார் சொன்னது? பெரியப்பா ஓரத்தில்தானே இருந்தார். முதல் தடவை நான் புள்ளியை மூக்கின் மேல் வைத்தேன். இரண்டாவது தடவை முகத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, கையும் உள்ளே வரும்படி வட்டத்தைப் பெரிதாக்கினேன். வெளி வெளிச்சத்தை மைனஸ் 100-க்கு இழுக்கவில்லை. மைனஸ் 25-க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன்: விக்னெட் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் இழுங்கள், தெரிந்ததும் கொஞ்சம் பின்னால் வந்துவிடுங்கள். போன் திரை தானே வெளிச்சம் விடுவது. காகிதமும் ஃபிளெக்ஸும் அப்படி இல்லை. திரையில் சாம்பலாக இருப்பது அச்சில் கறுப்பாகிவிடும். பிரின்ட் போடுவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

அப்போதும் கையின் முழங்கைப் பக்கம் சற்று மங்கித்தான் இருந்தது. ஸ்னாப்சீட்டில் நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலைத் திறக்கலாம். அதில் விக்னெட்டைத் தொட்டால் ஒரு பிரஷ் தெரியும். அதை எடுத்தால் விக்னெட் முழுவதும் போய்விடும், பதற வேண்டாம். நீங்கள் விரலால் தடவும் இடத்தில் மட்டும் திரும்பி வரும். பந்தல் கால், பின்னால் இருந்த சேலை, மேல் மூலை எல்லாவற்றையும் தடவினேன். கை இருந்த பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. டார்க் ரூமில் அந்தப் பெரியவர் கம்பியில் ஒட்டிய அட்டையால் செய்த அதே வேலை.

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் 'எஃபெக்ட்ஸ்' பகுதியில் உள்ள விக்னெட் எப்போதும் படத்தின் நட்டநடுவில்தான் நிற்கும், நகராது. மைனஸ் போனால் கறுக்கும், பிளஸ் போனால் வெளுக்கும். ஆள் ஓரத்தில் இருந்தால் அதை விட்டுவிட்டு, மாஸ்க் பகுதியில் உள்ள ரேடியல் வட்டத்தைப் போட்டு, அதைத் திருப்பி, வெளிப்புறத்தின் வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளை வேட்டியும் சட்டையும் ஓரத்தில் அழுக்காகத் தெரிந்தால், விக்னெட்டிலேயே உள்ள 'ஹைலைட்ஸ்' அளவைக் கொஞ்சம் கூட்டினால் வெள்ளை வெள்ளையாக நிற்கும். வேறு எந்த ஆப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஐபோனின் எடிட்டிலேயே விக்னெட் என்ற ஒற்றைக் கோடு உண்டு. அவசரத்துக்கு அது போதும்.

விக்னெட் போடவே கூடாத இடங்களும் உண்டு. பாஸ்போர்ட், பரீட்சை விண்ணப்பம், எந்த அரசாங்க அடையாள அட்டைக்கும் வேண்டாம். விற்பதற்காக எடுக்கும் சேலை, நகை படங்களுக்கும் வேண்டாம், பார்டர் கலரே மாறிவிடும், வாங்கியவர் சண்டைக்கு வருவார். வெட்டவெளியில், நல்ல வெயிலில் எடுத்த மலை, வயல் படங்களுக்குப் போட்டால் மேகமலைக்கே மூட்டைப் பூச்சி மருந்து அடித்ததுபோல் மூலை கறுத்துக் கிடக்கும். (இது என் ரசனை. சண்டைக்கு வரலாம்.) குரூப் போட்டோவுக்குப் போடவே போடாதீர்கள். கடைசியில் நிற்கும் சித்தி உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால், அந்தப் படத்தை அவர் ஸ்டேட்டஸில் வைக்கவும் மாட்டார்.

*

புதுப் படத்தை 12-க்கு 18 அளவில் பிரின்ட் போட்டு, தேனியில் பிரேம் செய்து, அடுத்த மாதம் மயிலாடும்பாறைக்கு எடுத்துப் போனேன். பெரியப்பா முகத்தைச் சுற்றி லேசான மங்கல். தோளில் பச்சை குத்திய கை, ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. கீழே சந்தனம் பூசிய சின்ன மொட்டைத் தலையின் வளைவு, நிழலுக்குள் பாதி. அத்தை மகள் அதைப் பார்த்துவிட்டு, "நான் எதுக்கு இதுல?" என்று கேட்டாள். அவள் மடியில் இப்போது அவளுடைய பிள்ளை இருந்தது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொன்னார். காதுகுத்துப் படத்தின் ஒரிஜினலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். அதற்கு முன்பே நான் அதைப் போனில் எடுத்து, குடும்பத்தில் 6 பேருக்கு டாக்குமென்டாக அனுப்பியிருந்தேன். நாலு மூலையும் அப்படியே இருக்க, ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டாமல்.

போன வாரம் தம்பி வீடியோ காலில் வந்தபோது பின்னால் அந்தப் பிரேம் தெரிந்தது. கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒரு பொட்டு பெரியப்பாவின் நெற்றியில். இன்னொரு பொட்டு, தோளில் இருந்த அந்தக் கையில்.